மேற்குச் சுவர் வெடித்த கோடை

கருமண்ணின் மேல் கட்டிய வீட்டில் வளர்ந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் சொல்லப்போவதில் பாதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ஐம்பதை நெருங்கிவிட்ட நம்மால் இப்போது எதையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடிவதில்லை. நடுவில் எழுந்துபோய் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது.

கருமத்தம்பட்டிக்குத் தெற்கே எங்கள் குடும்பத்துக்கு ஒரு காடு இருந்தது. மழையை நம்பிப் பருத்தி போடும் நிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். கிணறு வற்றிப்போன பிறகு அப்பாவும் பெரியப்பாவும் அதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனத்தாங்கல் எதுவும் இல்லை. எல்லைக்கல் நட்ட அன்று மதியம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். பெரியப்பா தன் பாதியில் சிமென்ட் அட்டை வேய்ந்து ஒரு விசைத்தறிக் குடோன் கட்டி, அதை ஒட்டிய இரண்டு அறைகளில் குடும்பத்தோடு குடியேறினார். அப்பா ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். அவர் தன் பாதியில் வீடு கட்டினார். எங்கள் மேற்குச் சுவருக்கும் பெரியப்பாவின் குடோனுக்கும் நடுவே முப்பதடிகூட இருக்காது.

அஸ்திவாரம் தோண்டும்போதே கொத்தனார் சொன்னார். நான் அப்போது குழியின் ஓரத்தில் மண்கட்டிகளை உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"கருமண்ணுங்க இது. மழைக்கு ஊதும், வெய்யிலுக்குச் சுருங்கும். கெட்டித்தரை வார வரைக்கும் போகோணும். இன்னொரு மூணடி தோண்டீறலாமுங்க."

அப்பா கையில் முகூர்த்த நாள் குறித்த தாளை வைத்திருந்தார். "இருக்கற மூணடி போதும். கருமண்ணுல ஊர்ல யாரும் ஊடு கட்டலையா? நீங்க கல்லை வைங்க" என்றார். கொத்தனார் கல்லை வைத்தார்.

பால் காய்ச்சிக் குடிபோன வருடம் மழை பொய்த்தது. அடுத்த வருடமும் பொய்த்தது. பருத்திச்செடி முழங்கால் உயரத்திலேயே நின்று, நாலைந்து காயோடு கருகியது. மாசி மாதம் வந்தபோது காட்டில் நடக்கக் கீழே பார்த்து நடக்கவேண்டியிருந்தது. முதலில் கோழி கீறியதுபோல மெல்லிய கோடுகள் தெரிந்தன. பிறகு விரல் நுழையும் அளவு, பிறகு கை நுழையும் அளவு. பங்குனியில் என் கால் முழுதாக உள்ளே போனது. விளிம்புகள் உடைந்த ஓட்டுத்துண்டுபோலக் கூராக இருக்கும். குனிந்து முகத்தை வைத்தால் உள்ளிருந்து சூடாக ஒரு வாசனை வரும். காய்ந்த வேரும் பழைய சாக்கும் சேர்ந்தாற்போல. எங்கள் வெள்ளாட்டுக் குட்டி ஒன்று வெடிப்பில் காலை விட்டு முறித்துக்கொண்டது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டியும் அது கடைசி வரை நொண்டிக்கொண்டுதான் திரிந்தது.

பெரியப்பாவின் மகளை நான் அக்கா என்பேன். என்னைவிட மூன்று வயது பெரியவள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு அந்தக் கோடையில் வீட்டில் இருந்தாள். வகுப்பில் கணக்கில் அவள்தான் முதல். கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பாள். "குடோன்ல இருந்து ரோட்டுக்கு எத்தனை எட்டுத் தெரியுமா?" என்று திடீரென்று கேட்பாள். வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று பார்க்கவேண்டும் என்ற எண்ணமும் அவளுக்குத்தான் வந்தது. பாரத்துக்கு ஏதாவது வேண்டும் என்றாள். நான் அப்பாவின் சாமான் பெட்டியைத் திறந்து தூக்குக்குண்டை எடுத்துவந்தேன். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தப் பித்தளைக் குண்டு. பெரிய பம்பரம் போல இருக்கும். வீடு கட்டும்போது கொத்தனாரின் வேலையைத் தானே சரிபார்க்க வேண்டும் என்று அப்பா தேடிப்பிடித்து வாங்கியது. மாதம் ஒருமுறை புளி போட்டுத் துலக்கி வைப்பார்.

தறி நூலை எட்டு இழையாக முறுக்கி அதில் குண்டைக் கட்டி அக்கா மெதுவாக இறக்கினாள். ஒரு முழம், இரண்டு முழம். நாலாவது முழத்தில்தான் நூல் தொய்ந்தது. "ஆறடி இருக்கும் அம்மிணி!" என்று அவள் கண் விரிய என்னைப் பார்த்தாள். எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளை அம்மிணி என்றுதான் கூப்பிடுவோம். இழுக்கும்போது மண் விளிம்பில் நூல் உரசி அறுந்தது. உள்ளே ஒரு சத்தமும் கேட்கவில்லை.

கம்பியை வளைத்துத் துழாவினோம். கிடைக்கவில்லை. குண்டு உருண்டு போயிருக்குமோ என்று அந்த வெடிப்பைப் பிடித்துக்கொண்டே இரண்டு பேரும் நடந்தோம். அது பருத்திக் காட்டிலிருந்து வளைந்து வளைந்து வந்து, எங்கள் வீட்டின் மேற்குச் சுவரை அடைந்து, அதற்கு அடியில் நுழைந்துபோனது. அக்கா தரையில் படுத்து எட்டிப் பார்த்தாள். அவள் பாவாடையெல்லாம் புழுதி.

"இது உங்க ஊட்டுக்கு அடியில போகுது. கல்லு அந்தரத்துல நிக்கற மாதர இருக்குது. மாமங்கிட்டச் சொல்லோணும்."

அப்பாவைத்தான் அவள் மாமா என்பாள். சின்ன வயதில் யாரோ சொல்லிக்கொடுத்துப் பழகிவிட்டது, பிறகு யாரும் திருத்தவில்லை.

"வேண்டாங்க்கா. எப்படிப் பாத்தேன்னு கேப்பாரு. குண்டு போனது தெரிஞ்சா தோலை உரிச்சுப்போடுவாரு" என்றேன். அழுதேன். அவள் என் தலையில் கை வைத்து, சொல்லமாட்டேன் என்றாள்.

ஒரு வாரம் கழித்து அப்பா குண்டைத் தேடினார். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பூச வந்திருந்த கொத்தனார் எடுத்துக்கொண்டு போயிருக்கவேண்டும் என்று அவராகவே முடிவுசெய்துகொண்டார். கொத்தனாரிடம் நேரில் கேட்கவில்லை. அதற்குப்பின் அவரை எந்த வேலைக்கும் கூப்பிடவும் இல்லை. எங்கள் வீட்டின் அடியில் என்ன மண் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அப்படி வராமல் போனார்.

மேற்குச் சுவர் வெடித்தது ஒரு மத்தியான வேளையில். நானும் அம்மாவும் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். மரக்கிளை முறிந்ததுபோல 'டப்' என்று ஒரு சத்தம். ஜன்னல் மூலையில் ஆரம்பித்து, படிக்கட்டு ஏறுவதுபோலச் சாய்வாகக் கூரைவரை போயிருந்தது கோடு. சுண்ணாம்புத் தூள் கட்டில்மேல் கொட்டியிருந்தது. சாயங்காலம் அப்பா மில்லிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், அந்தச் சுவரின் முன் நின்றார். வெகுநேரம் நின்றார். அப்போது குடோனில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"அதிருது" என்றார்.

அதிர்ந்தது உண்மைதான். ஒரு வருடமாகவே அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீர்ச் சொம்பில் வட்டம் வட்டமாக அலை வரும். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம்.

அப்பா ஃபிட்டர் அல்லவா, எதையும் சோதித்துப் பார்த்துத்தான் சொல்வார். காலண்டர் தாளைக் கீற்றாக வெட்டி, சோற்றுப் பசை தடவி, வெடிப்பின் குறுக்கே ஒட்டினார். சுவர் அசைந்தால் தாள் கிழியும். மூன்றாம் நாள் கிழிந்திருந்தது. "பாத்தியா" என்று அம்மாவிடம் காட்டினார். கிழிந்த அன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை, தறியே ஓடவில்லை. அதை அவரும் நினைத்துப் பார்க்கவில்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை.

அம்மாவுக்குத்தான் ஒன்று தோன்றியது. "ஏனுங்க, நானொண்ணு சொல்றனுங்க. சமையக்கட்டுப் பக்கம் பாத்திரங்கழுவற தண்ணி நெதமும் போகுது. அந்தப் பக்கம் செவுத்துல ஒரு கீறல் இல்லை. மண்ணும் வெடிக்கலை. இந்தப் பக்கந்தான் காஞ்சு கெடக்குது. ரெண்டு கொடம் தண்ணி ஊத்திப் பாக்கலாமுங்களா?"

"குடிக்கவே தண்ணியில்லை, செவுத்துக்கு ஊத்தறயா?" என்றார் அப்பா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்புறம் அவர் பெரியப்பாவிடம் போனார். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் பெரியப்பா. குடோன் சத்தத்தில் இருவரும் உரக்கப் பேசவேண்டியிருந்தது. கேட்பவர்களுக்கு அதுவே சண்டைபோலக் கேட்டிருக்கும்.

"அண்ணா, உங்க தறி ஓடி எஞ்செவுரு வெடிச்சுப்போச்சுங்க."

"தறி ஓடறது ஒரு வருசமா ஓடுது தம்பி. இன்னிக்கா வெடிக்கும்?"

"கொஞ்சங்கொஞ்சமா அதிர்ந்து இன்னிக்கு வெடிச்சிருக்குதுங்க."

"எங்குடோன் தரையுந்தான் வெடிச்சிருக்குது. வந்து பாரு. நானு யாருகிட்டப் போயிச் சொல்றது?"

"அதும் உங்க தறியாலதானுங்க."

பெரியப்பா சிரித்துவிட்டார். அவர் சுபாவமே அப்படி, சட்டென்று சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை. அதன்பிறகு ஒன்றரை மாதம் அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் ஊரில் சண்டை போட்டாலும் 'ங்க' போகாது என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். 'ங்க' போட்டுக்கொண்டே ஒருவரை எவ்வளவு தூரம் தள்ளிவைக்க முடியும் என்று நான் அந்தக் கோடையில் பார்த்தேன்.

வைகாசிக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரை அழைத்துவந்தார். எல்லோரும் சுவரில் கை வைத்துப் பார்த்தார்கள். "ஆமா, அதிருது" என்றார் ஒருவர். "நல்லாவே அதிருது" என்றார் இன்னொருவர். யாரும் குனிந்து தரையைப் பார்க்கவில்லை. அவர்கள் செருப்புக்கு அடியில்தான் அந்த வெடிப்பு இருந்தது. ஒருவருடைய துண்டு நழுவி அதற்குள் விழ, குனிந்து எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்.

பெரியப்பா கை கட்டி நின்றார். பின்னால் பெரியம்மா. அவளுக்குப் பின்னால் அக்கா. அக்கா என்னைப் பார்த்தாள். 'சொல்லட்டுமா' என்று அவள் கேட்டது அந்த முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று.

ஒரு பித்தளைக் குண்டுக்காக, அப்பாவிடம் வாங்கப்போகும் ஒரு அடிக்குப் பயந்து. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக்கூடாதா என்று நானும் இத்தனை வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள தறியை வேற எடம் பாத்து எடுத்துக்கப்பா. அண்ணந்தம்பிக்குள்ள எதுக்கு வில்லங்கம்" என்றார் மூத்தவர்.

"சரிங்க" என்றார் பெரியப்பா. அந்த ஒரு சொல்தான். அவர் வாதாடுவார் என்று அப்பா எதிர்பார்த்திருக்கவேண்டும்; அந்தச் 'சரிங்க'வைக் கேட்டு அவர் முகமே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

தறிகளைக் கழற்றி டெம்போவில் ஏற்றினார்கள். நாலைந்து நடை. சோமனூரையும் தாண்டி ஒரு வாடகைக் குடோன் கிடைத்திருந்தது. குடும்பமும் அங்கேயே போனது. கடைசி நடையில் அக்கா நூல் சுற்றிய குச்சிகள் நிறைந்த கூடையை மடியில் வைத்து டெம்போவின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அதற்கு முந்தைய வாரம்தான் பத்தாம் வகுப்பு முடிவு வந்திருந்தது. கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்திருந்தாள். நான் எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கீழே இறங்கிப் போகவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே தறி ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவ்வளவு தூரம் வரமுடியாது என்று நின்றுவிட்டார்கள். புது ஆள் பிடிக்கும்வரை அக்கா பார்த்துக்கொள்ளட்டும் என்று பெரியப்பா அவளைத் தறியில் நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் சேரும் நாள் வந்தது, போனது. புது ஆள் வரவேயில்லை.

வீட்டில் திடீரென்று வந்த அமைதி எங்களுக்குப் பழகவே இல்லை. கடிகாரச் சத்தம் கேட்டது. அம்மா பேசும்போதெல்லாம் கத்திக் கத்திப் பேசி, பிறகு தானே குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

ஐப்பசியில் மழை கொட்டியது. இரண்டு வருடத்து மழை பத்து நாளில். காட்டு வெடிப்புகள் தண்ணீரைக் குடித்துக் குடித்து, ஓரம் இளகி, ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொண்டன. மண் செருப்பில் அப்பிக்கொண்டு ஆளை உயரமாக்கியது. வாசற்கதவு இறுகிப்போய்த் தோளால் இடித்துத்தான் திறக்க முடிந்தது. மேற்குச் சுவரின் வெடிப்பும் நாளுக்கு நாள் ஒடுங்கி மயிரிழையாகிவிட்டது. அப்பா சிமென்ட் குழைத்து அதை அடைத்து, மேலே வெள்ளையடித்தார்.

"இப்பப் பாத்தீங்களா? தறி போச்சு, வெடிப்பும் போச்சு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் காட்டினார். அந்த மழைக்காலத்தில் அப்பா சந்தோஷமாகத்தான் இருந்தார். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது அதிகமாகக் கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த பங்குனியில் சுவர் மறுபடி வெடித்தது.

அதே இடம். அடைத்த சிமென்ட் ஒரு கீற்றாகப் பிதுங்கி வெளியே தள்ளியிருந்தது, அதன் இரண்டு பக்கமும் புதிதாக இரண்டு கோடுகள். வெளியே ஒரு தறியும் இல்லை. காலிக் குடோனில் புறா குமுறிக்கொண்டிருந்தது. அப்பா வேலைக்குப் போகாமல் அந்தச் சுவருக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார். அம்மா காப்பியை வைத்துவிட்டுப் போனாள். 'தண்ணி' என்று அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக, கோபப்படவாவது ஏதோ கிடைத்திருக்கும்.

பிறகு அவர் ஒரு நீளமான கம்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய், சுவரோரம் குனிந்து, வெடிப்புக்குள் விட்டார். கம்பி முழுவதும் போனது. நான் அவர் பின்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குண்டை எடுத்தது, நாலு முழம் போனது, அக்கா படுத்துப் பார்த்தது, நான் தலையாட்டியது.

"போன வருசமே தெரியுமா?"

"தெரியுமுங்ப்பா."

"அந்தப் புள்ளைக்கும் தெரியுமா?"

"அக்காதான் மொதல்ல பாத்தாங்க."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது அவர் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கொத்தனாருன்னு நெனச்சுட்டனே" என்று மட்டும் சொன்னார். சட்டை மாற்றிக்கொண்டு வந்து மொபெட்டை எடுத்தார். "ஏறு" என்றார்.

சோமனூர்ப் பக்கத்துக் குடோன் எங்கள் ஊர்க் குடோனைவிடச் சின்னது. உள்ளே இருட்டு. பஞ்சு பறந்துகொண்டிருந்தது. அக்கா இரண்டு தறிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. அறுந்த இழையை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தவள் எங்களைக் கண்டாள். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. கையை வாய்க்குக் கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியப்பா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இளைத்திருந்தார்.

அப்பா ஏதோ சொன்னார். எனக்கே கேட்கவில்லை.

"என்ன?" என்று பெரியப்பா காதருகே கையைக் கொண்டுபோனார். பிறகு வெளியே கைகாட்டி, "டீக்கடைக்குப் போலாமா?" என்று கத்தினார்.

அப்பா ஒருமுறை அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "இல்லீங்ணா. மில்லுக்கு நேரமாச்சு. இந்தப் பக்கம் வந்தேன், பாத்துட்டுப் போலாம்னு..." என்று இழுத்தார். குடோன் மூலையில் இருந்த பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுத் திரும்பினார். அன்று அவர் மில்லுக்கு லீவு போட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவர்கள் கல்யாணம் காட்சிகளில் பார்த்தால் பேசிக்கொள்வார்கள். மழையைப் பற்றி, கரண்டைப் பற்றி. பெரியப்பா முதலில் போனார். அப்பா போய் மூன்று வருடமாகிறது. அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். வாடகைக்கு இருப்பவர்கள் கோடைக்குக் கோடை சுவரைப் படம் பிடித்து அனுப்புவார்கள். ஒவ்வொரு வருடமும் ஆள்விட்டுப் பூசி எனக்கும் சலித்துவிட்டது. போன பங்குனியில், இடித்துவிடலாம் என்று முடிவுசெய்து, அதைச் சொல்ல அக்காவுக்குப் போன் செய்தேன். பேச்சுவாக்கில்தான் அது வாயில் வந்தது.

"அக்கா, அந்தச் செவுரு தறியால வெடிக்கலீங்க. அடுத்த கோடையிலயும் வெடிச்சுது. அப்பாவுக்குத் தெரியும்."

"தெரியும் அம்மிணி. எங்கப்பாவுக்கும் தெரியும்."

"பெரியப்பாவுக்கா? எப்படிங்க?"

"ரெண்டாவது தடவை வெடிச்சப்ப உங்கம்மா ஆள்விட்டுக் கூப்புட்டு உட்டிருந்தாங்க. உங்கப்பா ஊட்டுல இல்லாதப்பப் போயிப் பாத்துட்டு வந்தாரு. நானே கேட்டேன், ஏனுங்ப்பா, இப்பவாவது போயி ஒரு வார்த்தை கேக்கலாமல்லன்னு. அவன் ஊடு வெடிச்சு நிக்குது, அதைப் பாத்துட்டு வந்து நாயம் கேக்கறதாக்கும்னாரு. அப்பறம் நானும் கேக்கலை."

"அன்னிக்கு நான் தலையாட்டாம இருந்திருந்தா நீங்க படிச்சிருப்பீங்க" என்றேன்.

"எனக்கும் வாய் இருந்துச்சல்ல" என்றாள் அக்கா. கோபமில்லாமல், ஏதோ கடைச்சாமான் பற்றிச் சொல்வதுபோல. "சரி, பேரனுக்குச் சோறூட்டோணும். வெச்சிரட்டுமா? இடிக்கறன்னிக்குச் சொல்லு, நானும் வந்து ஒருக்காப் பாக்கறேன்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அவளைக் கொண்டுவந்து அந்தச் சுவரின் முன் நிறுத்த எனக்குத் தெம்பில்லை. போன மாதம் இடித்து, கல்லையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.